கதவை உள்ளேயிருந்து திறப்பவர் யார்? ஆவிக்குரிய போராட்டத்தை சஸ்பென்ஸ் நாவலாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஆவிக்குரிய போராட்டத்தை வைத்து நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. சஸ்பென்ஸ் என்றால் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு. கிறிஸ்தவ வாசகருக்கோ கடைசியில் யார் ஜெயிப்பார் என்பது முன்னமே தெரியும். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரங்கள் எல்லோர் வீட்டு வேதாகமத்திலும் இருக்கின்றன. தேவன் தோற்றுவிடுவாரோ என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. அப்படியானால் பதைப்பு எங்கிருந்து வரும்?

என் முதல் கைப்பிரதி விழுந்தது இந்த இடத்தில்தான். இருநூறு பக்கம் எழுதியிருந்தேன். தூதர்கள் பட்டயத்தோடு இறங்கினார்கள், பிசாசுகள் கந்தகப் புகையோடு எழும்பின, அத்தியாயத்துக்கு ஒரு வான்சண்டை. என் அக்கா முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மேலே இருக்கிறவங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க, சரி. கீழே இருக்கிற அந்தப் பொண்ணு என்னதான் முடிவு பண்ணினா?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணை நான் எந்த முடிவும் எடுக்க விட்டிருக்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். சஸ்பென்ஸ் வானமண்டலத்தில் இல்லை. கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கும் மனிதரிடம் இருக்கிறது.

முதல் படி: முன்னோர் எழுதியதைப் படியுங்கள்

நான்கு நூல்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் எழுத்தாளரின் கண்ணோடு படிக்க வேண்டும்.

ஜான் பனியன் 1682இல் வெளியிட்ட 'பரிசுத்த யுத்தம்' முதலாவது. மான்சோல் என்று ஒரு பட்டணம். மனித ஆத்துமா என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதற்குச் செவிவாசல், கண்வாசல், வாய்வாசல், மூக்குவாசல், தொடுவாசல் என்று ஐந்து வாசல்கள். பனியன் ஒரு விதி வைக்கிறார்: பட்டணத்தார் சம்மதிக்காமல் எப்பேர்ப்பட்ட எதிரியாலும் அந்த மதிலை உடைக்க முடியாது. அதனால் எதிரியான பிசாசு, தியாபோலஸ், மதிலை இடிக்க முயல்வதில்லை. செவிவாசலுக்கு வந்து பேசுகிறான், அவ்வளவுதான். முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஒரு விதியிலேயே இந்த நாவல் வகையின் முழு இயந்திரமும் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் சம்மதிப்பார்களா என்பதுதான் சஸ்பென்ஸ்.

தமிழுக்கும் பனியனுக்கும் பழைய உறவு உண்டு. அவருடைய இன்னொரு நூலான மோட்சப் பயணக் கதையைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அது 1894இல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையில் கம்பனில் ஊறி வளர்ந்த ஒருவர், ஆத்துமாவின் பயணத்தைத் தமிழ்க் காப்பியமாகவே பாடிவிட்டார். இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, சி.எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட 'ஸ்க்ரூடேப் கடிதங்கள்'. ஒரு மூத்த பிசாசு, வேலைக்குப் புதிதான தன் மருமகனுக்கு எழுதும் 31 கடிதங்கள். முதல் கடிதத்தில் வரும் ஒரு சம்பவத்துக்காகவே இதைப் படிக்கலாம். நாத்திகர் ஒருவர் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து படிக்கிறார். அவருடைய சிந்தனை மெல்ல தேவனை நோக்கித் திரும்புகிறது. பிசாசு அவரோடு வாதம் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்று நினைவூட்டுகிறது. அவர் எழுந்து தெருவுக்கு வருகிறார், பேப்பர் விற்கும் பையனையும் ஓடும் பஸ்ஸையும் பார்க்கிறார், எல்லாம் போய்விட்டது. ஒரு ஆத்துமாவை அசைக்கப் பசி போதுமாக இருந்தது.

மூன்றாவது, சார்ல்ஸ் வில்லியம்ஸ் 1930இல் எழுதிய 'பரலோகத்தில் யுத்தம்'. பதிப்பக அலுவலகம் ஒன்றில் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை, அறையில் இருப்பது ஒரு பிணம் மட்டும். கதை அங்கே தொடங்குகிறது. துப்பறியும் கதையாக ஆரம்பித்து, இயேசுவின் கடைசி இராப்போஜனப் பாத்திரத்தைச் சுற்றிய போராட்டமாக அது வளர்கிறது. முதல் பக்கத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் இதைப் பார்க்கலாம்.

நான்காவது நூல்தான் இந்த வகையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. ஃபிராங்க் பெரெட்டி 1986இல் வெளியிட்ட 'இப்பிரபஞ்சத்தின் அந்தகாரம்' (This Present Darkness) அது. தலைப்பே எபேசியர் 6:12இலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் ஆஷ்டன் என்ற கற்பனைச் சிற்றூர். அங்கே சிறிய சபையின் போதகர் ஹாங்க் புஷ், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் மார்ஷல் ஹோகன். இருவரும் தனித்தனியாக ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடிக்கிறார்கள். மேலே தால் என்ற தூதனும் ரஃபார் என்ற பிசாசுத் தலைவனும் படை திரட்டுகிறார்கள். ஆரம்பத்தில் மெதுவாக விற்ற புத்தகம், பிறகு வாய்வழியாகப் பரவி இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

பெரெட்டியிடம் கற்க வேண்டியது வெட்டு. போதகரின் காட்சி சூடேறும் நேரத்தில் பத்திரிகையாளரிடம் போவார், அங்கே சூடேறும்போது மேலே போவார். கற்கக் கூடாதது என்று நான் நினைப்பதும் அந்த 'மேலே'யில்தான் இருக்கிறது. மனிதர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிசாசைக் காட்டினால், மனிதர் பொம்மலாட்டப் பாவையாகிவிடுகிறார். அவரைப் பின்பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

இரண்டாம் படி: வேதத்திலிருந்து விதிகளை எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள்

துப்பறியும் கதைக்குச் சட்டம் எப்படியோ, இந்தக் கதைக்கு வேதம் அப்படி. உங்கள் உலகத்தில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் விதியை மாற்றினால் வாசகருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

என் தாளில் முதலில் இருப்பது தானியேல் 10. தானியேல் மூன்று வாரம் துக்கித்து உபவாசம் இருக்கிறார். பதில் வரவில்லை. கடைசியில் தூதன் வந்து, முதல்நாள் முதலே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டன, பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் என்னை மறித்து நின்றான், மிகாவேல் உதவிக்கு வந்தான் என்கிறான். இதை நாவலாசிரியராகப் படித்துப் பாருங்கள். அந்த 21 நாளும் தானியேலுக்குக் கிடைத்தது மௌனம் மட்டும். மேலே என்ன நடந்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிகிறது, அதுவும் இரண்டே வரியில். இரண்டு வரி சண்டை, மூன்று வாரம் காத்திருப்பு. இந்த விகிதத்தை மனதில் வையுங்கள்.

அடுத்தது 2 இராஜாக்கள் 6. தோத்தானில் எலிசாவின் வேலைக்காரன் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறான், பட்டணத்தைச் சுற்றிச் சீரியர் படை. எலிசா ஜெபிக்கிறார், அவன் கண்கள் திறக்கின்றன, மலை நிறைய அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும். எல்லோரும் சொல்வது இதுவரைக்கும்தான். அந்த அக்கினி இரதங்கள் பிறகு என்ன செய்தன? ஒன்றுமே செய்யவில்லை. எதிரிகள் கண்மயக்கம் அடைந்து சமாரியாவுக்கு நடத்தப்படுகிறார்கள், அங்கே அவர்களுக்கு விருந்து வைத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். தூதர் படையைக் காட்டிவிட்டு ஒரு பட்டயத்தைக்கூட உருவ விடாத துணிச்சல் அந்தக் கதைக்கு இருக்கிறது.

யோபு 1, 2 அதிகாரங்கள்: சாத்தான் உத்தரவு இல்லாமல் தொட முடியாது. யோபுவுக்கோ அந்தப் பேச்சுவார்த்தை கடைசிவரை சொல்லப்படவில்லை. யூதா 9: மிகாவேல்கூடப் பிசாசைப் பழித்துப் பேசத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொல்கிறான். ஆகவே உங்கள் தூதன் பஞ்ச் டயலாக் பேசக் கூடாது. அப்போஸ்தலர் 19: ஸ்கேவாவின் ஏழு குமாரர் இயேசுவின் நாமத்தை மந்திரம் மாதிரி உபயோகித்து, காயப்பட்டு நிர்வாணமாக ஓடுகிறார்கள். சரியான வார்த்தையைச் சொன்னதும் பிசாசு ஓடிவிடும் என்று எழுதுவதற்கு முன் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசித்துவிடுங்கள்.

வேதம் நேராகச் சொல்லாத இடங்களும் உண்டு. பிசாசுக்கு மனித மனத்தைப் படிக்கத் தெரியுமா? நான் 'தெரியாது, முகத்தையும் பழக்கத்தையும் பார்த்து ஊகிக்கும்' என்று வைத்துக்கொண்டேன். அதனால் என் கதையில் பிசாசு தவறாகவும் ஊகிக்கிறது. சஸ்பென்ஸுக்கு அது பெரிய உதவி.

மூன்றாம் படி: ஒரு ஆள், ஒரு கதவு

கதைச்சுருக்கத்தை 'தீய சக்தி ஒரு ஊரைப் பிடிக்கப் பார்க்கிறது' என்று எழுதாதீர்கள். அது வெறும் பின்னணி. ஒரு ஆளை எழுதுங்கள், அவர் திறக்கக் கூடாத ஒரு கதவை எழுதுங்கள், திறக்க அவரிடம் இருக்கும் நியாயமான காரணத்தையும் எழுதுங்கள். காரணம் நியாயமாக இருக்க வேண்டும். பேராசைக்காரன் பேராசைப்பட்டால் வாசகருக்கு என்ன பதைப்பு?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தெற்கே ஒரு கிராமத்துச் சபை. அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த இரவு. சபைப் பொருளாளர் செல்வராஜ் தனியாகப் பணத்தை எண்ணுகிறார். இதை முதலில் நான் எழுதிய மாதிரி எழுதிப் பார்க்கலாம்:

'கரிய செட்டைகளை விரித்த அந்தகாரத்தின் அதிபதி செல்வராஜின் தோளில் தன் நகங்களை ஊன்றினான். "எடு! எடுத்துக்கொள்!" என்று அவன் கர்ஜிக்க, கூரை அதிர்ந்தது. செல்வராஜின் கை தானாகவே பணத்தை நோக்கி நீண்டது.'

'தானாகவே' என்ற சொல்லைப் பாருங்கள். அந்த ஒரு சொல் நாவலைக் கொன்றுவிட்டது. கை தானாக நீண்டால் செல்வராஜுக்குப் பாவமும் இல்லை, பிறகு மனந்திரும்புதலும் இல்லை. இப்போது திரும்ப எழுதுவோம்:

'செல்வராஜ் மூன்றாவது முறையாக எண்ணினார். அறுபத்தொன்றாயிரத்து முன்னூற்று ஐம்பது. ஒரு பூசணிக்காயே இரண்டாயிரத்து நானூறுக்குப் போயிருந்தது. வெளியே நாளைய அசனத்துக்கு அடுப்பு தோண்டிக்கொண்டிருந்த பையன்களின் சத்தம் அடங்கிவிட்டது. நோட்டில் தேதியை எழுதினார். தொகையை எழுதப் போகும்போது பேனா நின்றது. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். வாழைத்தார் வியாபாரி பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சபைக் கணக்கைக் கமிட்டி பார்ப்பது மாதக் கடைசியில். புதன்கிழமை திருப்பி வைத்துவிடலாம். அவர் பேனாவை மூடினார்.'

இதில் பிசாசு எங்கே? என் கணக்கில் அது பேசியது ஒரே ஒரு சொல்தான்: 'புதன்கிழமை'. மற்ற எல்லாம் செல்வராஜின் சொந்தக் கவலைகள், எல்லாம் உண்மையானவை. திருட்டைக் கடனாக மாற்றிக் காட்ட ஒரு கிழமை போதும். வாசகருக்கு இதை அப்போதே சொல்ல வேண்டாம். ஐம்பது பக்கம் கழித்து, இன்னொரு வீட்டில், கணவனிடம் உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்த ஒரு பெண்ணின் மனதில், அதே தொனியில், 'புதன்கிழமை சொல்லிக்கொள்ளலாம்' என்று வரட்டும். கவனமாகப் படிக்கும் வாசகருக்கு அங்கே முதுகு சில்லிடும். கூரை அதிர வேண்டிய அவசியமே இல்லை.

நான்காம் படி: திரையை எத்தனை தடவை விலக்குவது?

இரண்டு வழி உண்டு. வாசகருக்கு மேலே நடப்பது தெரியும், கதாபாத்திரத்துக்குத் தெரியாது. இது பெரெட்டியின் வழி. இரண்டு பேருக்கும் தெரியாது, பிறகு ஒரு கணம் கண் திறக்கும். இது தோத்தானின் வழி. முதல் வழியில் வேகம் கிடைக்கும், இரண்டாவதில் பயபக்தி கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

என் ஆலோசனை கேட்டால், முதல் நாவலுக்கு இரண்டாவது வழி. முழு நாவலிலும் மூன்று தடவைக்கு மேல் திரை விலகக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கிறவருக்கு அதனால் ஒரு பாரம் கூட வேண்டும். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனால் அந்தக் காட்சி வெறும் அலங்காரம்.

ஐந்தாம் படி: ஜெபத்தை பேட்டரி ஆக்காதீர்கள்

சபையார் முழங்காலில் நின்றால் தூதனின் பட்டயம் பிரகாசிக்கும், நிறுத்தினால் மங்கும். இந்த அமைப்பு கதைக்கு வசதியானது. ஆனால் வசதிக்காக ஜெபத்தை மின்சாரம் ஆக்கிவிட்டால், தேவனே கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்.

முழு இரவு ஜெபத்துக்குப் போனவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். பன்னிரண்டு மணிக்குப் பாட்டு ஓங்கி ஒலிக்கும். இரண்டு மணிக்குப் பாதிப்பேர் சுவரில் சாய்ந்திருப்பார்கள். மூன்றரைக்கு ஒரு பாட்டி மட்டும், சத்தம் வெளியே வராமல் உதடு அசைய, யாருடைய பேரையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் யுத்தக் காட்சி அந்தப் பாட்டிதான். அவருக்குக் கால் மரத்துப்போகிறது. எழுந்து காப்பி குடிக்கலாமே என்று தோன்றுகிறது. அந்தப் பேருக்கு உரியவன் பத்து வருடமாக வீட்டுக்கு வரவில்லை. திறப்பிலே நிற்பது என்று எசேக்கியேல் சொன்னது இந்த நிற்பைத்தான். அவர் எழுந்துபோவாரா மாட்டாரா என்பதில் நான் ஒரு முழு அத்தியாயத்தையும் பதைப்போடு படிப்பேன்.

ஆறாம் படி: எதிரி யார் என்பதில் தவறக் கூடாது

இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். இந்த வகைக்கே பெயர் கொடுத்த வசனம், நமக்குப் போராட்டம் 'மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல' என்றுதான் தொடங்குகிறது. அதாவது எந்த மனிதரும் எதிரி அல்ல. வேறு மதத்து அண்டை வீட்டுக்காரரையும் அவர் கும்பிடும் தெய்வத்தையும் வில்லனாக்கி எழுதுவது, அந்த வசனத்துக்கே விரோதமானது. ஊரில் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். உங்கள் நாவலில் பிசாசுக்கு வேலை வேண்டுமானால் சபைக்குள்ளேயே நிறைய இருக்கிறது. பதவித் தேர்தல், சாதி, சொத்து வழக்கு, இருபது வருடம் பேசாமல் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு அண்ணன் தம்பிகள்.

இந்தத் தவறு காகிதத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 1980களில் அமெரிக்காவில், குழந்தைகள் காப்பகங்களில் இரகசியச் சாத்தான் வழிபாடு நடக்கிறது என்ற பீதி பரவியது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1990இல் ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகாமல் முடிந்தது. அதற்குள் அந்த ஆசிரியர்களின் வாழ்க்கை சின்னாபின்னமாகிவிட்டது. அந்தப் பீதியின் காலமும் இந்த வகை நாவல் பெருகிய காலமும் ஒன்றே என்பதை எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது.

மனநோயும் அப்படித்தான். வலிப்பும் மனச்சிதைவும் வந்தவர்களைப் பிசாசு பிடித்தவர்கள் என்று காட்டும் ஒரு அத்தியாயம், யாரோ ஒரு வீட்டில் மாத்திரையை நிறுத்த வைக்கலாம். கதைக்கு அப்படிப்பட்ட ஒரு காட்சி தேவைப்பட்டால், உங்கள் போதகர் முதலில் டாக்டரிடம் அழைத்துப்போகிறவராக இருக்கட்டும். மாற்கு 5இல் லேகியோன் என்ற பிசாசுகள் பிடித்திருந்தவன் விடுதலையானபின் எப்படி இருந்தான் என்று பாருங்கள்: வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருந்தான். அந்த மூன்றையும் எழுத வந்தால் போதும், அலறலுக்குப் பக்கங்கள் வேண்டாம்.

ஏழாம் படி: பேச்சு

பிசாசுக்கு என்ன தமிழ்? சினிமா வில்லன் தமிழும் வேண்டாம், முழுக்கப் பழைய வேதாகம மொழிபெயர்ப்புத் தமிழும் வேண்டாம். கேட்கிறவரின் சொந்தத் தமிழிலேயே அது பேச வேண்டும். செல்வராஜிடம் செல்வராஜ் மாதிரி, பாட்டியிடம் பாட்டி மாதிரி. வேத வசனம் சொன்னால் மட்டும் அட்சரம் பிசகாமல் சொல்லட்டும், ஆனால் ஒரு துண்டை விட்டுவிடட்டும். மத்தேயு 4இல் சோதனைக்காரன் சங்கீதம் 91ஐச் சொல்லும்போது 'உன் வழிகளிலெல்லாம்' என்ற பகுதியைக் காணோம். ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கதையிலும் வாசகர் வேதாகமத்தை எடுத்துப் பார்த்து, விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கட்டும்.

தூதனுக்குக் குறைவான பேச்சு போதும். வேதத்தில் தூதர்கள் வந்ததும் பெரும்பாலும் 'பயப்படாதே' என்கிறார்கள், சொல்ல வந்ததைச் சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

எட்டாம் படி: எழுதுகிறவரின் காவல்

ஸ்க்ரூடேப் எளிதாக எழுத வந்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமில்லாமல் வேறு எதையும் எழுதியதில்லை என்று லூயிஸ் பின்னாளில் சொன்னார். பிசாசின் இடத்திலிருந்து மாதக்கணக்கில் யோசிப்பது ஆளை வறளச் செய்யும். இருட்டுக் காட்சி எழுதிய நாளில் நான் அதோடு எழுந்துபோவதில்லை. யாராவது யாருக்காவது சாப்பாடு பரிமாறும் ஒரு காட்சியையாவது எழுதிவிட்டுத்தான் நோட்டை மூடுவேன்.

ஒன்பதாம் படி: முடிவும் திருத்தமும்

கடைசி அத்தியாயத்தில் வான்சண்டை வைக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். செல்வராஜின் கதை எங்கே முடிய வேண்டும்? புதன்கிழமை பணம் வரவில்லை. மாதக் கடைசி வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசித்து முடிந்ததும் அவர் எழுந்து நிற்கிறார், கையில் அந்தக் கணக்கு நோட்டு. மூன்றாவது பெஞ்சில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வாய் திறப்பதற்கு முன் உள்ள அந்தப் பத்து விநாடிக்கு நான்கு பக்கம் கொடுங்கள். முழு நாவலின் யுத்தமும் அங்கேதான் நடக்கிறது. திரையை அங்கே விலக்கக் கூடாது.

பிறகு திருத்தம். ஒரு பிரதி எடுத்து, தூதர் பிசாசு வரும் வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். மனிதர்களின் கதை அப்போதும் நிற்க வேண்டும். அடுத்து, அடித்த வரிகளை மட்டும் தனியாகப் படியுங்கள். அவை இல்லாமல் கதைக்கு என்ன குறைந்தது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அவற்றைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக மூன்று பேரிடம் கொடுங்கள். வேதம் நன்றாகத் தெரிந்த ஒரு உபதேசியார் அல்லது போதகர், விதிப் பிழைகளுக்காக. சபைப் பக்கமே வராத, க்ரைம் நாவல் விரும்பிப் படிக்கும் ஒரு நண்பர், வேகத்துக்காக. அப்புறம், நீங்கள் எழுதிய சோதனையில் உண்மையாகவே விழுந்து எழுந்த ஒருவர். கருத்து எதுவும் கேட்காதீர்கள். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பேரும் கீழே வைத்த பக்கத்தைத் திருத்துங்கள். மூன்றாமவர் கீழே வைத்த பக்கத்தைத் தொடுவதற்கு முன், ஏன் வைத்தார் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.